களுத்துறைக்குச் சென்று வந்தோம்

இரத்தினபுரியிலே ஆசிரியத் தொழில் புரிபவர்க்குக் களு கங்கை ஒரு பெரிய வசதி. பூமிசாத்திர வகுப்பில் ஆறு என்றால் என்னவென்று விளக்கப் படமும் வேண்டா, சுண்ணக்கட்டியும் வேண்டா. சாளரத்தைத் திறந்தாற் போதும். சிவனொளிபாத மலைச் சாரலிலே பிறக்கும் அந்த ஆறு, நம் நகரைத் தொட்டுக்கொண்டு சென்று, மொத்தம் 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையிலே கடலோடு கலக்கிறது. "களு கங்கை கடலோடு கலக்கும் இடம் யாது?" என்ற வினாவுக்கு நம் மாணாக்கர் தவறாது விடை எழுதுவர், புள்ளியும் பெறுவர்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில், 10ஆம் வகுப்பிலே, ஏதோ ஒரு நினைவில், "உங்களில் எத்தனைபேர் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டோம். ஒரு கையும் எழவில்லை. "சரி, கடலைப் பார்த்தவர்கள் எத்தனைபேர்?" என்றோம். 38 பேரில் 6 கைகள் எழுந்தன. அவற்றுள்ளும் ஒன்று பாதியிலே நின்றது. அச்சிறுமி கொழும்பிலுள்ள மாமன் வீட்டுக்குப் போனபோது பஸ்ஸின் மறுபக்கத்திலே கடல் இருந்ததாம்; ஆனால் அந்தப் பக்கத்து ஆசனத்திலே ஒரு தடித்த மனிதர் அமர்ந்திருந்தாராம்.

அன்றே களுத்துறைப் பயணம் முடிவாயிற்று. நம் மாணாக்கரிற் பெரும்பாலோர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். பஸ் வாடகையை ஒரே தடவையிற் கேட்டால் பலர் பெயர் கொடுக்க மாட்டார்கள். ஆதலின் கிழமைதோறும் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்தோம். முழுத்தொகையையும் முதன் முதலிற் கட்டி முடித்தவன் பின்வாங்கிலே இருக்கும் ஒரு பையன். அவன் பெயரை ஈண்டு எழுதப்போவதில்லை. மாசி மாதம் பிறந்தபின் அவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். நாமும் நாட்தோறும் இடாப்பை விரித்து, பெயரைக் கூப்பிட்டு, விடை வராமையாற் குறி இட்டுக்கொண்டே வந்தோம். அக்குறிகளை எண்ணிப் பார்த்தோமில்லை. இது நிற்க.

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியுமுன் 5 மணிக்குக் கல்லூரி வாயிலில் பஸ் வந்து நின்றது. சிவனொளிபாத யாத்திரைப் பருவமாதலின் வெள்ளுடை உடுத்த அடியார்கள் அந்நேரத்திலேயே நகரில் நடமாடிக்கொண்டிருந்தனர். நாம் பெயர்ப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளை ஏற்றியபோது, அந்தப் பையனும் தலை சீவி, சலவைச் சட்டை அணிந்து, கையிலே ஒரு பொட்டலத்தோடு நின்றான். "நீயா?" என்றோம். "காசு கட்டிட்டேனே, சேர்" என்றான். அது நியாயமான விடை. ஏறிக்கொள் என்றோம். வேறொன்றும் கேட்கவில்லை.

இரத்தினபுரியிலிருந்து பாணந்துறைக்குச் செல்லும் சாலை அழகான சாலை. இங்கிரிய, ஹொரணை, பண்டாரகமை என ஊர்கள் ஒவ்வொன்றாக வரவர மலைகள் பின்தங்கி, இறப்பர்க் காடுகள் குறைந்து, தென்னைகள் மிகும். நல்ல சாலைகள் வருமுன் இரத்தினபுரிக்கும் களுத்துறைக்கும் ஆறுதான் சாலையாக இருந்தது. தட்டை அடியுள்ள பெரும் படகுகள் மலைநாட்டு விளைபொருளை ஏற்றிக்கொண்டு ஆற்றோடு இறங்கும். கடற்கரையிலிருந்து உப்பு முதலியவற்றை ஏற்றிக்கொண்டு எதிர்நீரில் ஏறும். பின்பு 1912இல் இரத்தினபுரிக்குச் சிற்றிருப்புப் பாதை வந்தது. அதுவும் 1976இல் மூடப்பட்டது. இவற்றையெல்லாம் பஸ்ஸினுள்ளே எழுந்து நின்று விளக்கினோம். பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தமையால் நம் சரித்திர விரிவுரையைச் சாரதி ஒருவரே கேட்டார். அவரும் சிங்களவராதலின் பாதிதான் விளங்கியிருக்கும். எனினும் மரியாதையாகத் தலையை அசைத்துக்கொண்டிருந்தார்.

பாணந்துறையில் திரும்பித் தெற்கு நோக்கிச் சென்று, வாதுவையைக் கடந்து, களுத்துறைப் பாலத்தின் மேல் ஏறியதும் பாட்டு நின்றது. நம் ஊரிலே இடுங்கிய கரைகளுக்குள் முணுமுணுத்து ஓடும் ஆறு, இங்கே அகன்று, அசைவின்றி, ஓர் ஏரிபோலக் கிடந்தது. "இது நம்ம கங்கையா, சேர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆம் என்றோம். அவள் நம்பவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. 2003 வைகாசியிலும் 2017 வைகாசியிலும் நம் மாவட்டத்தை மூழ்கடித்து, மண்சரிவும் சேர்த்துப் பல உயிர்களைக் கொண்டுபோன ஆறு இவ்வளவு சாதுவாக இருக்குமென்று யார்தாம் நம்புவர்?

பாலத்தைக் கடந்ததும் களுத்துறைப் போதி. அவ்வழியே செல்லும் வண்டிகள் அங்கே நின்று உண்டியலிற் காசு இட்டுச் செல்வது வழக்கம். நம் சாரதியும் நிறுத்தினார். இந்துப் பிள்ளைகளும் இறங்கித் தத்தம் காசை இட்டு வணங்கினர். எதிரே உள்ள பெரிய வெண்ணிறத் தாதுகோபம், பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க வடிவமைத்தது. பொதுவாகத் தாதுகோபங்கள் உள்ளே திண்மையாகக் கட்டப்படும். இதுவோ உள்ளே சென்று நிற்கக்கூடிய வெறுவெளி மண்டபம். சுற்றிலும் புத்தசாதக ஓவியங்கள். முற்காலத்தில் விகாரை இருந்த அம்மேட்டிலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1655இல் அதை ஒல்லாந்தர் கைப்பற்றினர். பின் ஆங்கிலேயர் வந்தனர். ஆற்றின் வாயைக் காப்பவன் கையிலே உள்நாட்டு வாணிகம் இருக்கும் என்பதை மூவரும் அறிந்திருந்தனர்.

பிள்ளைகள் கடல், கடல் என்று துடித்தனர். முதலில் மாளிகை, பிறகு கடல் என்று நாம் கண்டிப்பாகச் சொன்னோம். கடலை முதலிற் காட்டிவிட்டால் அதன்பின் எந்த மாளிகைக்கும் அவர்களை இழுத்துச் செல்ல இயலாது என்பது ஆசிரியர் அனுபவம்.

நகரிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சிறிது தூரத்தில், ஆற்றை அடுத்த பாலத்தோட்டை என்னும் இடத்திலே, மேட்டுநிலத் தோப்பொன்றின் நடுவில் நிற்கிறது றிச்மண்ட் மாளிகை. 1900க்கும் 1910க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுந்தது. கட்டியவர் படிகார முதலியார் தொன் ஆதர் த சில்வா விஜேசிங்க சிறிவர்தன. முதலியார் என்றதும் நம் மக்கள் வேறு பொருள் கொள்வர். அது குடியேற்ற அரசு உள்ளூர்ப் பிரபுக்களுக்கு வழங்கிய பதவிப் பெயர். இந்திய மன்னர் ஒருவரின் அரண்மனையைக் கண்டு அதுபோலவே அமைத்தார் என்றும், பர்மாவிலிருந்து இரு கப்பல் தேக்கு மரம் தருவித்தார் என்றும் சொல்வர். ஏறக்குறைய அதே காலத்திற்றான் தமிழகத்துச் செட்டிநாட்டிலும் பர்மாத் தேக்கும் இத்தாலியக் கற்களும் கொண்டு மாளிகைகள் எழுந்தன. கடல்கடந்த செல்வம் எங்கே திரண்டதோ அங்கே பர்மாக் காடு தூணாய் வந்து நின்றது.

இம்மாளிகைக்குக் கதவுகள் 99, சாளரங்கள் 34 என்பது கணக்கு. இதைச் சொன்னதுதான் தாமதம், 38 பேரும் எண்ணப் புறப்பட்டனர். அரைமணி நேரத்தின் பின் ஒரு கூட்டம் 81 என்றது. ஒரு கூட்டம் 103 என்றது. ஒரு சிறுவன் அலுமாரிக் கதவுகளைச் சேர்ப்பதா விடுவதா என்று விளக்கம் கேட்டான். சித்திர வேலைப்பாடுள்ள தேக்குத் தூண்களையும், வண்ணக் கண்ணாடிகளையும், வளைந்தேறும் மாடிப்படியையும் பெண்பிள்ளைகள் தொடாமல் தொட்டுப் பார்த்தனர். ஒருத்தி ஒரு மூலையிலே நின்று, பாதத்தின் முன் பாதம் வைத்துத் தரையை அளந்துகொண்டிருந்தாள். என்னம்மா செய்கிறாய் என்றோம். "எங்க காம்பிரா இதுக்குள்ள எத்தனை வைக்கலாம்னு பாக்குறேன், சேர்" என்றாள். தோட்டத்து லயக் காம்பிரா பொதுவாக 10 அடிக்கு 12 அடி. எத்தனை என்று அவள் கணக்கிட்டுச் சொன்னாள். கேட்டு நாம் ஒன்றும் பேசவில்லை. மாளிகை எழுந்த அதே ஆண்டுகளில் நம் பக்கத்து மலைகளிலே அந்த லயங்களும் எழுந்தன. அவற்றுட் பல இன்றும் குடியிருப்பாகவே உள்ளன.

நடன மண்டபத்திற்கு வந்தோம். மின்விசிறி பரவாத காலத்திலே அம்மண்டபத்தைக் குளிர்விக்க முதலியார் ஓர் உபாயம் செய்திருக்கிறார். வெளிக்காற்று நிலத்தடிச் சுரங்கத்துள் புகுந்து, அங்குள்ள நீரின்மேற் பட்டுக் குளிர்ந்து, துவாரங்களின் வழியே மண்டபத்துக்கு வரும். பாரசீகத்திலே காற்றுக்கோபுரங்களும் நிலத்தடி நீரோடைகளும் கொண்டு வீடுகளைக் குளிர்வித்த முறை இதற்கு முன்னோடி எனலாம். இதை நாம் பிள்ளைகளுக்கு விளக்க முயன்று, காற்று ஏன் தானாகச் சுரங்கத்துள் இறங்கவேண்டும் என்ற இடத்திலே சற்றுத் தடுமாறினோம். நாம் கலைத்துறைப் பட்டதாரி. விஞ்ஞானம் நமக்குப் பகையன்று, ஆயினும் நெருங்கிய உறவுமன்று.

அப்பொழுது பின்னாலிருந்து அந்தப் பையனின் குரல் கேட்டது.

"ஒரு வழி போதாது, சேர். உள்ள போக ஒரு வழி, வெளிய வர ஒரு வழி ரெண்டும் இருக்கணும். இந்தப் பெரிய சாளரத்தால சூடான காத்து மேல போனா, கீழ இருந்து குளிர்ந்த காத்து தானா வரும். ஒரு வழிய அடைச்சா நின்னுடும்."

"எங்கே படித்தாய்?" என்று கேட்டோம்.

"குழியில, சேர். மெழுகுவர்த்தியக் கொண்டுக்கிட்டுத்தான் இறங்குவோம். திரி மங்கினா காத்து இல்லைன்னு அர்த்தம். உடனே ஏறிடணும்."

இரத்தினபுரி வாசகருக்கு எந்தக் குழி என்று விளக்கவேண்டியதில்லை. மற்றையோர்க்காகச் சொல்கிறோம். நம் ஊரிலே மாணிக்கக்கல் தேடி வயல்களில் குழி வெட்டுவர். கல் கலந்த சரளைப் படிவத்துக்கு இல்லம் என்று பெயர். மரச்சட்டம் வைத்துப் பக்கச் சுவர்களைத் தாங்கி, ஊறும் நீரை இயந்திரத்தால் இறைத்து, அடியிலே பக்கவாட்டில் சுரங்கம் குடைந்து இல்லத்தை அள்ளி, மேலே கொண்டுவந்து ஆற்று நீரில் கழுவுவர். கல் அகப்பட்டாற் பங்கு உண்டு. அகப்படாவிட்டால் சோறு மட்டும். மண் சரிந்தால் அதுவும் இல்லை. பெரியவர்களே அஞ்சவேண்டிய அந்த இடத்துக்குப் 15 வயதுப் பிள்ளை நாட்தோறும் இறங்கியிருக்கிறான். நாம் மேலே இருந்து இடாப்பிலே குறி இட்டிருக்கிறோம். 16 வயதுவரை பிள்ளைகள் கட்டாயம் கல்வி கற்கவேண்டும் என்று 2016 முதல் விதி உண்டு. ஆனால் விதிக்குத் தானாக நடந்து லயத்துக்குச் செல்லக் கால்கள் இல்லை. அதைக் கொண்டுசெல்லவேண்டியவர்களுள் நாமும் ஒருவர்.

மாளிகையின் கதையைச் சொல்லி முடிக்கவேண்டும். முதலியார் 1910இல் மணம் புரிந்தார்; பெருஞ் சிறப்போடு நடந்த திருமணம். ஆயினும் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. காலப்போக்கில் அவர் இம்மாளிகையையும் தோப்பையும் ஏழைப் பிள்ளைகளின் நலனுக்கென்று பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்புவித்துவிட்டு, கண்டி நகரத்து ஹோட்டல் ஒன்றிலே தங்கித் தம் கடைசிக் காலத்தைக் கழித்தார் என்பர். 99 கதவுகளைத் திறந்து வைத்தவர் ஓர் அறைக் கதவினுள் அடங்கினார்.

இதைக் கேட்ட பிள்ளைகளிடையே ஒரு வழக்கு எழுந்தது. பிள்ளை இல்லாததாற்றானே கொடுத்தார், இருந்திருந்தால் கொடுத்திருப்பாரா என்று ஒருவன் கேட்டான். பிள்ளை இல்லாத பணக்காரர் எல்லாரும் கொடுத்துவிட்டார்களா என்று ஒருத்தி மறுத்தாள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தமையால் நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. பகற் போசனத்துக்கு நேரமாகிவிட்டது என்றோம். தோப்பு மரங்களின் நிழலிலே பொட்டலங்கள் அவிழ்ந்தன. புளிச்சோறும், ரொட்டியும் சம்பலும், அவித்த முட்டையும் கைமாறின. அந்தப் பையன் கொண்டுவந்த பொட்டலத்திலே ரொட்டி இரண்டுதான் இருந்தன. அவற்றுள் ஒன்றை நமக்கு நீட்டினான். வாங்கி உண்டோம்.

பிற்பகலிலே கடற்கரை. ஒருபுறம் ஆறு, மறுபுறம் கடல், நடுவே நீண்ட மணற்றிட்டு. பிள்ளைகள் முதலில் ஓடவில்லை. அனைவரும் ஒருங்கே நின்றுவிட்டனர். பிறகு யாரோ ஒருவன் கூவினான், அவ்வளவுதான். முழங்காலுக்கு மேல் இறங்கலாகாது என்று நாம் நூறுமுறை கத்தினோம். 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, களுத்துறைக் கரையிலே கடல் உள்வாங்கிக் கடலடி வெளிப்பட்ட காட்சியைச் செய்மதி எடுத்த படம் உலகமெங்கும் பரவியது. அதை வகுப்பிலே காட்டியிருந்தோம். ஆதலால் அலை பின்வாங்கும்போதெல்லாம் சில பிள்ளைகள் நம் முகத்தைத் திரும்பிப் பார்த்தனர்.

அந்தப் பையன் ஆற்றுப் பக்கத்திலே நின்றான். குனிந்து ஒரு கை நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தான். மணற்றிட்டைக் கடந்துபோய்க் கடல் நீரையும் அவ்வாறே செய்தான்.

"இங்கயே உப்பாயிருச்சு, சேர்" என்றான் ஆற்றைக் காட்டி.

"கடல் உள்ளே ஏறி வரும். அதனால்தான்."

"நாங்க கழுவுற சேறும் இங்கதானே வரும்?"

வரும் என்றோம். நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்லூரிக்கு ஏன் வருவதில்லை என்று அப்போது கேட்டோம். இதைக் கேட்க நமக்கு ஒரு மாதமும் 70 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணமும் தேவைப்பட்டிருக்கின்றன. தாய் இறப்பர்ப் பால் வெட்டப் போனவிடத்தில் வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்துவிட்டது; தந்தை கொழும்பிலே கடையொன்றில் வேலை, அனுப்பும் பணம் ஒழுங்காக வருவதில்லை; கீழே தம்பி தங்கையர் இருவர். அழாமல், குறைகூறாமல், கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னான். "இன்னைக்கு வரக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆத்தாதான், கட்டின காசு வீணாகும், கடலப் பாத்துட்டு வான்னு அனுப்புச்சு" என்றான்.

திரும்பும் வழியிற் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக இப்பத்தியை எழுத உட்காரும் நேரத்தில், சக ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு அத்தோட்டத்துக்குச் சென்றோம். லயத்துத் திண்ணையிலே கட்டுப்போட்ட கையோடு அந்த அம்மையார் எழுந்து நின்றார். "வாங்க சேர், உக்காருங்க" என்று சொல்லி, இருந்த ஒரே நாற்காலியை இடக்கையாலே துடைத்தார். புலமையோடு பேசவேண்டுமென்று வழியிலே ஆயத்தம் செய்த சொற்கள் யாவும் அந்த நாற்காலியைக் கண்டதும் மறந்துபோயின. "குழிக்கு அனுப்ப எனக்கு மட்டும் ஆசையா சேர்? ராவெல்லாம் கண்ணு மூட மாட்டேன். கை சரியாகணுமே" என்றார். வைத்தியர் இன்னும் இரண்டு மாதம் என்றாராம்.

இரண்டு மாதம். அவ்வளவுதான் கணக்கு. ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பதற்கும் தொடர்வதற்கும் இடையே இருந்தது இரண்டு மாதத்து அரிசியும் மாவும் பருப்பும். ஆசிரியர் ஓய்வறையிலே பேசி எண்மர் பங்கிட்டுக்கொண்டோம். மாளிகையைத் தானமாகக் கொடுத்த முதலியாரோடு நம்மை ஒப்பிடுவதற்கில்லை. எண்மரின் பங்கு ஒரு மாளிகைக் கதவுக்கும் காணாது.

அடுத்த திங்கட்கிழமை இடாப்பிலே அவன் பெயரைக் கூப்பிட்டோம், விடை வரவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை "உள்ளேன், சேர்" என்று கேட்டது. நாம் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் வகுப்பு முழுவதும் அவனைத் திரும்பிப் பார்க்கும். ஆண்டு முடியும்வரை வருவானா என்று உறுதி கூற இயலாது. குழி அருகிலே இருக்கிறது. கல் ஒருநாள் அகப்படும் என்ற ஆசையும் இருக்கிறது.

வாசகர்கள் களுத்துறைக்குச் சென்றால் மாளிகையைப் பாருங்கள். நடன மண்டபத்திலே சற்று நின்று பாருங்கள். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி என்று அந்தப் பிள்ளை சொன்னது சரியா என்று பின்பு நம் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டோம். முற்றும் சரி என்றார். அந்தப் பாடத்தை அவனே வகுப்புக்கு நடத்தட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வரும் வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளை. நாமும் பின்வாங்கிலே அமர்ந்து கேட்க அனுமதி வாங்கியிருக்கிறோம்.